நகம் வெளுத்தால் ஓட்டம்

கோல்பி ரென்ஸ்லரை ஏமாற்றியவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது என்று அவன் மனைவி மரிசா சொல்வாள். சலைனாவில் அவள் பல் சுத்தம் செய்யும் நாற்காலியில் வந்து படுக்கிற எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். வாயைத் திறந்தபடி கிடப்பதால் குறுக்கே பேசவும் முடியாது, முழுதாகக் கேட்டுத்தான் தீர வேண்டும்.

அவள் கூட்டிச் சொல்லவில்லை. முதலில் ஏமாற்றியவர் ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துக் கோச். நெப்ராஸ்காவில் கோல்பியின் வீட்டுக்கே வந்து, அவன் அம்மா செய்த உருளைக்கிழங்குக் கேசரோலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் வருடத்திலிருந்து உங்கள் பையன்தான் என் குவார்ட்டர்பேக் என்று சொல்லிப் போனார். கோல்பி விடுதியில் மூட்டை முடிச்சோடு இறங்கிய பதினோராம் நாள் அவர் இன்னும் பெரிய கல்லூரிக்குக் கம்பி நீட்டிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் தனக்குப் பிடித்த பையனைக் கையோடு கூட்டிக்கொண்டே வந்தார். கோல்பி இரண்டு வருடம் ஒப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் நின்றான். அடுத்த கல்லூரியிலும் அதே கதைதான், கோச்சின் மீசை மட்டும் வேறு. மூன்றாவதாக மேற்கு டெக்சாஸில், காற்றும் மண்ணும் தவிர எதுவும் இல்லாத ஓர் ஊரின் கல்லூரியில்தான் பதினோரு ஆட்டங்கள் முழுதாக ஆடக் கிடைத்தன. நன்றாகவே ஆடினான். பார்த்தவர்கள்தான் குறைவு.

இந்தப் பிழைப்பில் ஒரு கொடுமை உண்டு. ஓடுகிறவன் களைத்தால் இன்னொருவன் வந்து ஓடுவான், முட்டுகிறவன் மூச்சு வாங்கினால் இன்னொருவன் வந்து முட்டுவான். பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் மட்டும் ஒரே ஆள். அவன் காலொடிந்து விழும்வரை அடுத்தவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று கைதட்ட வேண்டும். கைதட்டுகிறவன் மனதுக்குள் என்ன வேண்டிக்கொள்கிறான் என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

தொழில்முறை ஆட்டத்தில் கோல்பிக்கு ஒன்பது வருடம், ஆறு அணி. ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு பந்துகள் எறிந்திருக்கிறான். எல்லாமே ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு, பார்க்க வந்தவர்கள் கார் எடுக்கக் கிளம்பிய பிறகு எறிந்தவை. அவன் பெயருக்கு நேரே லீக்கின் பதிவேட்டில் 'தொடங்கியவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆட்டத்தின் முதல் பந்தை யார் வாங்குகிறானோ அவன்தான் அந்த ஆட்டத்தைத் தொடங்கியவன். கோல்பியின் கட்டத்தில் பூஜ்யம். ஒரே ஓர் ஆட்டம் போதும், அந்தப் பூஜ்யம் ஒன்றாகிவிட்டால் மறுநாளே ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று மரிசாவிடம் சொல்லியிருந்தான். அவளுக்கும் அதில் சம்மதம். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் எட்டு வருடமாகத் தனியாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

ஆட்களைக் கழிக்கிற நாளில் ஒருவன் வருவான். கதவில் சாய்ந்து நின்று, கோச் கூப்பிடுகிறார், டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு வா என்பான். ஆட்டத் திட்டமெல்லாம் அதில்தான் இருக்கும், அதைத் திரும்பக் கேட்டால் சோலி முடிந்தது என்று அர்த்தம். ஆட்டக்காரர்கள் அவனை எமதூதன் என்பார்கள். போர்ட்லண்டில் எமதூதன் வந்தது காலைச் சாப்பாட்டு வரிசையில், கோல்பியின் தட்டில் ஆம்லெட் விழுந்த பிறகு. பர்மிங்ஹாமில் அவன் மகள் பிறந்த மறுநாள். சான் அந்தோனியோவில் யாரும் வரவே இல்லை. அவன் லாக்கரில் வேறு ஒருவன் பெயர் ஒட்டியிருந்தது, சாமான்கள் கறுப்புக் குப்பைப் பையில் கட்டப்பட்டுக் கீழே இருந்தன. சக ஆட்டக்காரர்கள் அவனுக்கு 'பெட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேற்று வந்த பையன்கூட, "என்ன பெட்டி, இன்னும் கெளம்பலையா?" என்றுதான் காலையில் விசாரிப்பான். கோல்பி சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு பெயர் வைப்பார்கள்.

ஆறாவது அணியான டல்சாவில்தான் அவனுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். லோபெட்டி மஹே, டோங்காத் தீவுக்காரன், யூட்டாவில் வளர்ந்தவன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அணியின் சென்டர். அதாவது குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கையில் கொடுப்பவன். கோல்பி வந்து இறங்கிய வாரம் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. லோபெட்டி ஒன்றும் கேட்காமல் அவன் பெட்டியைத் தூக்கித் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்தான். நான்கு மாதம் அங்கேதான் இருந்தான். ஞாயிறு ஆட்டம் இல்லாத வாரங்களில் லோபெட்டியின் மனைவி சேப்பங்கிழங்கு இலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப் பாலும் வைத்துச் சுற்றி வேகவைப்பாள். கோல்பி ஆறு பொட்டலம் தின்பான். மகளுக்குத் தேவாலயத்தில் பெயரிட்டுத் தண்ணீர் தெளித்தபோது லோபெட்டியைத்தான் ஞானத்தந்தையாக நிறுத்தினான்.

பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகும் இவர்கள் இருவரும் மைதானத்தில் இருப்பார்கள். லோபெட்டி கொடுக்க, கோல்பி வாங்க, நூறு நூற்றைம்பது தடவை. அப்படி வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் கோல்பி அதைக் கவனித்தான். பந்தைச் சுமந்து ஓடுகிற ஆட்டமென்றால் லோபெட்டி முன்னால் பாய வேண்டும், அதனால் உடம்பின் பாரத்தைப் பந்தின்மேல் போடுவான், அவனுடைய வலது கட்டைவிரல் நகம் வெளுத்துவிடும். பந்தை எறிகிற ஆட்டமென்றால் பின்வாங்கி நிற்க வேண்டும், பிடி இளகியிருக்கும், நகம் சிவப்பாகவே இருக்கும். எதிரே அரை கஜத்தில் மூக்குக்கு மூக்கு நிற்கிறவன் அந்த நகத்தைப் பார்த்தால் போதும், வருவது ஓட்டமா எறியா என்று பந்து அசையும் முன்னே தெரிந்துவிடும்.

கோல்பி அவனிடம் சொன்னான். லோபெட்டி தன் விரலையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். பத்து வருடமாக ஒருவன் கண்ணிலும் படாதது. மாற்றிப் பிடித்துப் பார்த்தான், முடிந்தது. ஆனால் வேகத்தில் மறந்து பழைய பிடிக்கே போய்விடும்.

"மச்சான், இது நீயும் நானும் மட்டும்" என்றான் லோபெட்டி. "வெளிய போச்சுன்னா என் பொழப்பே போச்சு."

"என் வாயிலேர்ந்து வராது" என்றான் கோல்பி.

இரண்டு வருடம் வரவும் இல்லை.

தொழில்முறையில் அவனுடைய ஒன்பதாம் வருடம், எட்டாவது ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை எமதூதன் டல்சாவிலும் கதவில் வந்து நின்றான். தலைமைக் கோச் ஹெக்மன் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. முன்வரிசையில் இரண்டு பேருக்குக் கணுக்கால் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓர் ஆள் வேண்டும், ஐம்பத்து மூன்று பேருக்குமேல் வைக்க விதியில் இடமில்லை, அதனால் உன்னைப் பட்டியலிலிருந்து இறக்குகிறேன் என்றார். இப்படி இறக்கி ஏற்றுவது அந்த உலகில் நடப்பதுதான். அதற்குக் காகிதம் கிடையாது, கைகுலுக்கல் மட்டும்தான்.

"மூணே நாள்" என்றார் ஹெக்மன். "செவ்வாய்க்கிழமை காலைல நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் எங்கயும் கையெழுத்துப் போட்டுடாத." கையை நீட்டினார். கோல்பி குலுக்கினான். கேசரோல் தின்றுவிட்டுக் குலுக்கிய கைதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

சலைனாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை டல்சா வென்றது. திங்கட்கிழமை மதியம் அவனுடைய ஏஜென்ட் கெஸ்லர் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, டல்சா இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவனை, ப்ரைஸ் ஆல்டன் என்று பெயர், குவார்ட்டர்பேக்காக எடுத்திருக்கிறது. இரண்டு, டொலிடோவின் முதல் குவார்ட்டர்பேக்குக்குத் தோள் போய்விட்டது, அவர்களுக்கு கோல்பி உடனே வேண்டுமாம், மாலை விமானத்துக்கே சீட்டுப் போட்டுவிட்டார்கள்.

டொலிடோவின் அடுத்த ஆட்டம் யாரோடு என்று கோல்பி கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். டல்சாவோடு.

லீக்கின் கோச்சுகளுக்கு இது பழக்கமான தந்திரம். அடுத்த வாரம் மோதப் போகிற அணி யாரைக் கழித்ததோ அவனைக் கொத்திக்கொண்டு வந்து, மண்டையில் இருப்பதையெல்லாம் உருவிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் கறிவேப்பிலையைப் போலத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். கோல்பிக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அவனை அப்படி ஒரு தடவை ஓமாஹாவில் செய்தும் இருக்கிறார்கள்.

மரிசா, நாளை காலைவரை பொறு, ஹெக்மன் செவ்வாய்க்கிழமை என்றுதானே சொன்னார் என்றாள். புதுப் பையனை எடுத்த பிறகு என்ன செவ்வாய்க்கிழமை என்றான் அவன். லோபெட்டிக்காவது போன் போட்டுக் கேள் என்றாள். அதற்கும் அவனுக்கு மனசு வரவில்லை. கழிக்கப்பட்டவன் போன் செய்து, என்னை மறுபடி எடுப்பார்களா என்று கேட்பதைப்போல இழிவானது வேறில்லை என்று அவன் நினைத்தான். ஒன்பது வருடம் சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் நம்பிக் காத்திருந்தாயிற்று, இன்னும் ஒரு இரவு காத்திருக்க என்னால் ஆகாது என்று பெட்டியை எடுத்தான். மரிசா பிறகு எத்தனையோ பேரைத் திட்டினாள், அந்த மாலையில் அவனைத் திட்டாமல் விட்டதற்குத் தன்னையும் சேர்த்து.

செவ்வாய் காலை டொலிடோவில் உடம்புப் பரிசோதனை. போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனவன், முட்டியை மடக்கி நீட்டி, ரத்தம் கொடுத்து, ஒன்பது மணிக்கு வெளியே வந்தான். போனில் எட்டு முப்பதுக்கு ஓர் அழைப்பு வந்து எடுக்கப்படாமல் கிடந்தது. ஹெக்மன். எதிரே டொலிடோ அலுவலகத்து ஆள் ஒப்பந்தத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு நின்றான்.

ஒரு நிமிஷம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆள் ஒன்றும் துரத்தியிருக்க மாட்டான். ஆனால் மன்னிப்புக் கேட்கத்தான் ஹெக்மன் கூப்பிட்டிருப்பார் என்று கோல்பி முடிவு கட்டினான். பையனை எடுத்துவிட்டோம், தப்பாக நினைக்காதே, நீ அருமையான மனுஷன் என்பார். அருமையான மனுஷன் என்று சொல்லித்தான் எல்லோரும் அவனை வெளியே தள்ளியிருக்கிறார்கள். இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டாம் என்று போனைப் பையில் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டான்.

புதன்கிழமை டொலிடோவின் கோச் வார்ட்ரிப் அவனைத் தன் அறையில் உட்காரவைத்தார். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே பேசுகிற ஆள். கூட இரண்டு உதவிக் கோச்சுகள் நோட்டோடு இருந்தார்கள். டல்சாவின் குவார்ட்டர்பேக் கோட்டில் நின்று கத்துகிற சொற்களில் எது நிஜம், எது சும்மா சத்தம் என்று கேட்டார்கள். கோல்பி சொன்னான். அதில் அவனுக்கு உறுத்தல் இல்லை, அந்தச் சொற்களை எந்த அணியும் வாராவாரம் மாற்றிவிடும், இந்நேரம் மாற்றியிருப்பார்கள். வார்ட்ரிப்புக்கும் அது தெரியும். கோப்பையில் துப்பிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நம்ம பையன் தோளு தேறாதுப்பா" என்றார். "இந்த ஞாயிறு ஊசி போட்டு எறக்கறோம். அடுத்த ஞாயிறு ஓமாஹாவோட நீதான் ஆரம்பிக்கற. அதுல மாத்தம் இல்ல. ஆனா எனக்கு மாறாத சமாச்சாரம் ஏதாவது ஒண்ணு வேணும். அவங்க நெனச்சாலும் மாத்த முடியாதது."

கோல்பி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதான் ஆரம்பிக்கற. ஒன்பது வருடமாக அவன் கேட்கக் காத்திருந்த சொல் அது. சொல்கிற ஆளை நம்பக் கூடாதென்று புத்தி சொன்னது. ஆனால் ஹெக்மன்மேல் இருந்த கோபம் புத்தியைவிடக் கிட்டத்தில் இருந்தது. அவர்கள் என்னை விற்றார்கள், நான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். லோபெட்டி அந்த 'அவர்களில்' இல்லை என்பதை அந்த ஐந்து நிமிஷம் மட்டும் மறந்திருந்தால் போதும். மறந்தான்.

"சென்டரோட வலது கட்டைவிரல்" என்றான். "நகம் வெளுத்தா ஓட்டம். வெளுக்கலைன்னா எறி."

உதவிக் கோச்சுகள் எழுதிக்கொண்டார்கள். வார்ட்ரிப் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். கோல்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சியில் அவனை டல்சாவின் குவார்ட்டர்பேக்காக நடிக்கவைத்தார்கள். அதே எண் போட்ட பனியன், அதே கத்தல். லோபெட்டிக்கு எதிரே நிற்கப் போகிற ஓரன் என்ற மலைபோன்ற ஆள், சென்டராக நடித்தவனின் விரலைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். வெளுத்தால் தொடையை ஒரு தட்டு, பின்னால் இருக்கிறவர்கள் ஓட்டத்தை மறிக்க முன்னே வந்துவிடுவார்கள்.

ஞாயிறு. டொலிடோவின் மைதானம், எலும்பில் இறங்குகிற குளிர். கோல்பி தொப்பியோடு ஓரத்தில் நின்றான். டல்சாவின் முதல் பந்து. லோபெட்டி குனிந்தான். ஓரன் தொடையைத் தட்டினான். டொலிடோ மொத்தமும் ஓட்டத்தை மறிக்க முன்னே பாய்ந்தது. பந்து அவர்கள் தலைக்குமேல் பறந்துபோய் நாற்பது கஜம் தள்ளி, மறிக்க ஆளே இல்லாத இடத்தில் டல்சாக்காரன் ஒருவன் மார்பில் விழுந்தது.

தற்செயல் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த பந்துக்கு ஓரன் தட்டவில்லை, எறி என்று பின்வாங்கினார்கள். டல்சாவின் ஓட்டக்காரன் நடுவில் கல்யாண ஊர்வலம் போல நடந்து போனான். மூன்றாவது பந்துக்கு மறுபடி தட்டினான், மறுபடி தலைக்குமேல். முதல் கால்பகுதி முடிவதற்குள் மூன்று தடவை கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டார்கள். வார்ட்ரிப் காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது பேருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோல்பியைப் பார்த்தார். கத்தவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்க வந்த ஓரன் அவன் காதருகே குனிந்தான். "பலே பெட்டி. நல்லா சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பியிருக்காங்க ஒன்ன."

அதற்குப் பிறகு கோல்பி ஆட்டத்தைப் பார்க்கவில்லை, லோபெட்டியை மட்டும்தான் பார்த்தான். லோபெட்டி வேண்டுமென்றே மாற்றிப் பிடிக்கிறான். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம், ஒருவன் மாற்றிப் பிடிக்கிறானென்றால், மற்றவன் உளறுவான் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான். என் மகளின் ஞானத்தந்தை என்னை வைத்தே என் கழுத்தை அறுத்துவிட்டான் என்று கோல்பி பல்லைக் கடித்தான். தான் உளறியது அவனுக்கு அப்போது ஒரு குற்றமாகவே தோன்றவில்லை. மூன்றாவது கால்பகுதியில் டல்சாவின் குவார்ட்டர்பேக் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள், ஆல்டன் பையன் உள்ளே வந்தான். வென்ற ஆட்டத்தில் பந்தை ஓட்டக்காரன் கையில் கொடுப்பதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. முப்பத்தொன்றுக்கு ஆறு என்று டல்சா வென்றது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் நடுவில் கலந்து கைகொடுப்பது வழக்கம். லோபெட்டி எல்லோருக்கும் கைகொடுத்தான். கோல்பியைத் தாண்டும்போது ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை வார்ட்ரிப் உட்காரச் சொல்லவில்லை. ஹெக்மன்தானே உன்னை அனுப்பினார் என்று கேட்டார். இல்லை என்று கோல்பி மகள்மேல் சத்தியம் செய்தான். எனக்குத் தெரிந்த நிஜத்தைத்தான் சொன்னேன் என்றான். அவன் வாழ்க்கையில் அதைவிட நிஜமானதை யாருக்கும் சொன்னதில்லை. வார்ட்ரிப் விதையைத் துப்பினார்.

"நீ பொய் சொன்னேன்னா துரோகி" என்றார். "நெஜம் சொன்னேன்னா அதைவிட மோசம். நாளைக்கு எங்களையும் எங்கயாவது சொல்லுவ. டேப்லெட்டை மேஜைல வெச்சிட்டுப் போ."

கெஸ்லர் இரண்டு நாள் எல்லா அணிகளுக்கும் போன் செய்து பார்த்தார். வியாழக்கிழமை அவரே கூப்பிட்டு, ஊரெல்லாம் பேர் கெட்டுவிட்டது தம்பி, இனி நான் போன் செய்தாலும் யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். அடுத்த மாதத்திலிருந்து அவரும் எடுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் கோல்பி சலைனாவில் வீட்டுக் கார் கொட்டகையில் நின்றபடி லோபெட்டியைக் கூப்பிட்டான். திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டான்.

"விரல் விஷயத்தை ஹெக்மன்கிட்ட நீதானே சொன்ன?"

"ஆமா" என்றான் லோபெட்டி. "நீ டொலிடோவுல கையெழுத்துப் போட்ட மறுநாளு கேட்டாரு, என் ஆட்டத்தப் பத்தி ஒனக்கு ஏதாவது தெரியுமான்னு. சொன்னேன். அவன் வாயத் தொறக்க மாட்டான் கோச், எம் பசங்க மேல சத்தியம்னும் சொன்னேன். அவரு சிரிச்சாரு. சரி, மாத்திப் புடிச்சுத்தான் பாரேன், அவன் சொல்லலைன்னா யாருக்கும் நஷ்டம் இல்லையேன்னாரு."

கோல்பி கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினான்.

"மொத பந்துக்கு அந்தத் தடியன் தொடையத் தட்டறதைப் பாத்தேன். தற்செயலா இருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன் மச்சான். ரெண்டாவதுக்கும் வேண்டிக்கிட்டேன். மூணாவதுக்கு வேண்டல."

"அவங்க என்னைக் கழிச்சாங்கடா" என்றான் கோல்பி. குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "வேற ஒருத்தனை எடுத்துட்டாங்க. நான் என்ன செய்யறது?"

"பயிற்சில எதிராளி மாதிரி நடிக்க எடுத்த பையன் அவன். நீ திரும்பி வந்தாலும் அந்த வேலைக்கு ஒருத்தன் வேண்டியிருந்துது, ஏன்னா நீ நடிக்கறதுக்கு இல்ல, ஆடறதுக்கு வர்றதா இருந்துது." என்றான் லோபெட்டி. "நம்ம குவார்ட்டர்பேக்குக்கு முட்டி போயிடுச்சு, இன்னும் ஒரு ஆட்டம் தாங்கினாலே பெருசுன்னு டாக்டரு திங்கக்கிழமையே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் கோல்பிதான் ஆரம்பிப்பான்னு ஹெக்மன் என்கிட்டயே சொன்னாரு. செவ்வாக்கிழமை காலைல அவரு ஒனக்குப் போன் போடறப்போ நான் அவரு ரூம்புலதான் இருந்தேன். நான் பேசறேன்னு கைய நீட்டிக்கிட்டு நின்னேன். நீ எடுக்கல."

கோல்பி இன்னும் ஏதாவது வரும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தான். லோபெட்டி எப்போது வைத்தான் என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்து மரிசாவிடம் எதுவும் சொல்லவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் ஹெக்மனைச் சபித்துக்கொண்டிருந்தாள். கைகுலுக்கிவிட்டு நட்டாற்றில் விட்ட பாவி, செவ்வாய்க்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொன்ன நாக்கு அழுகிப்போகும் என்றாள். தன் அம்மாவுக்கும் போனில் சொன்னாள், ஞாயிறு காலை தேவாலயத்து வாசலில் இரண்டு பேருக்குச் சொன்னாள். கோல்பி அவளைச் சொல்லவிட்டான். அவள் திட்டத் திட்ட, தான் ஏமாற்றப்பட்டவன்தான் என்பது இன்னும் கொஞ்ச நேரம் உண்மையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுச் சில்லி காய்ச்சி, கூடவே இலவங்கப்பட்டை பன்னும் சுட்டு, தட்டுகளோடு தொலைக்காட்சி முன்னால் வந்து உட்கார்ந்தாள். டல்சா ஆட்டம். வேண்டாம், அணைத்துவிடுகிறேன் என்றாள். இருக்கட்டும் என்றான் அவன். டல்சாவின் ஆட்டத்தை இன்று தொடங்குவது ப்ரைஸ் ஆல்டன், தொழில்முறையில் அவனுக்கு முதல் தொடக்கம் என்று வர்ணனையாளர் சொன்னார். மைதானத்தின் மேல்தளத்தில் ஏதோ அறையில் அழுதுகொண்டிருந்த அந்தப் பையனின் அம்மாவைக் காட்டினார்கள். பிறகு ஹெக்மனின் முகத்தைக் காட்டினார்கள். மரிசா கரண்டியை வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அவரைத் திட்டாத" என்றான் கோல்பி.

"திட்டாம? சொன்ன நாளுக்கு ஒரு போன் போட அந்த ஆளுக்குக் கை வரலையே."

"போட்டாரு. சொன்ன நாளு, சொன்ன நேரம். நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே வந்துது. நான்தான் எடுக்கல மரிசா."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடம் தனியாகப் படுத்து எழுந்தவள். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தாள் என்று அவனுக்குத் தெரியாது, அவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. லோபெட்டி குனிந்தான், பையன் முதல் பந்தை வாங்கினான். மரிசா தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஆட்டம் முடியும்வரை திரும்பி வரவில்லை.